ஹாட் லேபில் வேலை பார்க்கும் பெண் கர்ப்பத்தை எப்போது சொல்வாள்?

ஹாட் லேபில், அதாவது கதிரியக்க மருந்துகளைத் தயார்செய்யும் அறையில், அவற்றைக் கையாளும் கர்ப்பிணி ஊழியர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் "அதான் விதி இருக்கே" என்பார்கள். இருக்கிறது, நல்ல விதிதான். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பத்தைத் தெரிவித்துவிட்டால் மிச்ச மாதங்கள் முழுக்க கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான்.

சிக்கல் என்னவென்றால், அவள் வாய் திறந்து சொன்ன பிறகுதான் இந்த வரம்பு வேலை செய்யும். தனியார் ஸ்கேன் மையத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் டெக்னாலஜிஸ்ட் ஏன் சொல்வாள்? "நீ வீட்டில் ரெஸ்ட் எடும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வயிறு தெரியும்வரை மறைப்பாள். கருவின் உறுப்புகள் உருவாவது மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். வாங்கிய கதிர்வீச்சைப் பதிவுசெய்ய நெஞ்சில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்பிப் படிக்கிறார்கள். அறிக்கை வரும்போது அந்த வாரங்கள் முடிந்திருக்கும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கரு வாங்கும் அளவு 100 மில்லிகிரேக்குக் (இந்தக் கதிர்களுக்கு ஏறக்குறைய 100 மில்லிசீவர்ட்) கீழே இருந்தால் பிறவிக் குறைபாடு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒழுங்காக நடக்கும் துறையில் அதன் பக்கத்தில்கூட யாரும் போவதில்லை. அதனால்தான் உடனே வீட்டுக்கு அனுப்புவதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம், ஈயத்தைக் காரணம் காட்டி, குழந்தை பெறக்கூடிய பெண்களையே அந்த வேலைகளிலிருந்து விலக்கியது. செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நாட்டு அணுசக்தி விதியிலும் கர்ப்பத்தை எழுத்தில் அறிவிப்பது பெண்ணின் விருப்பம். அறிவித்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம். அங்கே கருவுக்கு வரம்பு 5 மில்லிசீவர்ட், அது எனக்கு உவப்பில்லை. ஆனால் முடிவு அவள் கையில் இருப்பது சரி.

சொன்ன பிறகு செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஊசி போடுவதிலிருந்தும், ஊசி போட்ட நோயாளியைக் கைத்தாங்கலாக மேஜையில் ஏற்றுவதிலிருந்தும் அவளை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் நோயாளிதான் கதிர்வீச்சின் மூலம். ஈய ஏப்ரன் இருக்கிறதே என்பார்கள். வழக்கமான ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீஷியத்துக்குச் சரி, பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18-இன் காமா கதிருக்கு அந்த அரை மில்லிமீட்டர் ஈயம் பெரிதாக ஒன்றும் செய்யாது. தூரமும் நேரமும்தான் காப்பாற்றும். தைராய்டு நோயாளிகளுக்குக் கதிரியக்க அயோடின்-131 கொடுக்கும் சிகிச்சை வார்டுக்கு அவளை அனுப்பவே கூடாது. அது மூச்சு வழியாக உள்ளே போய் நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடியது. சிசுவின் தைராய்டு பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே அயோடினை உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

ஸ்கேன் படங்களைச் சரிபார்ப்பது, கருவிகளின் தரச்சோதனை, நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவது என்று துறைக்குள்ளேயே வேலை கிடக்கிறது. சம்பளமும் ஒப்பந்தப் புதுப்பிப்பும் இதனால் மாறாது என்று வேலைக்குச் சேரும்போதே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே, அன்றன்றைக்கு அளவு காட்டும் பாக்கெட் டோசிமீட்டர் ஒன்று, வயிற்றுப் பக்கம் மாட்டிக்கொள்ள. பெட் ஸ்கேனரே வாங்கி வைத்திருக்கும் மையம் இதற்குக் காசில்லை என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.