1982 டிசம்பரில் நடந்தது பொதுத் தேர்தல் அல்ல

1982 டிசம்பரில் இலங்கை மக்கள் வாக்களித்துப் புதிய பாராளுமன்றத்தைத் தெரிவு செய்தார்கள் என்று இந்தக் கட்டுரையில் கூறப்பட்டுள்ளது. அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். டிசம்பர் 22 அன்று நடந்தது சர்வசன வாக்கெடுப்பு, அதாவது ஒரு கேள்விக்கு மக்களிடம் நேரடியாக விடை கேட்பது. வாக்குச்சீட்டில் வேட்பாளர் எவருடைய பெயரும் இல்லை, ‘ஆம்’ என்பதற்கு விளக்கும் ‘இல்லை’ என்பதற்குக் குடமுமே சின்னங்களாக இருந்தன. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 ஓகஸ்ட் 4 வரை நீட்டிக்கலாமா என்பதே கேள்வி. ஒக்டோபர் 20இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 4இல் இந்த நீட்டிப்புக்கான அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலம் நிறைவேற்றம், டிசம்பர் 22இல் வாக்கெடுப்பு என எல்லாமே 63 நாட்களுக்குள் முடிந்துவிட்டன. இவ்வளவு பெரிய மாற்றத்தை மக்கள் ஆற அமரப் பேசித் தீர்மானிக்க அந்த அவகாசம் போதவே போதாது. ஐயமுள்ளவர்கள் அரசியலமைப்பின் 161ஆம் உறுப்புரையை வாசிக்கலாம், அல்லது பாராளுமன்றப் பொதுத் தேர்தல்கள் நடந்த ஆண்டுகளைப் பார்க்கலாம்: 1977க்கு அடுத்தது 1989.