‘பார்டர்ல இருக்கு’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை

"சுகர் பார்டர்ல இருக்கு, பார்த்துக்கோங்க" என்று சொல்லி டாக்டர்கள் அனுப்பிவிடுகிறார்கள். எதைப் பார்த்துக்கொள்வது, பார்த்துக்கொண்டால் என்ன ஆகும்? இதற்குச் சென்னையிலேயே பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சுகர் வரும் கட்டத்தில் இருந்த 531 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. தனியாக எந்த ஏற்பாடும் செய்யாமல் விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே வருடத்தில் சுகர் வந்துவிட்டது. நடை, சாப்பாடு என்று விடாமல் பேசிப் பழக்கத்தை மாற்ற வைத்தவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன், இரண்டையும் சேர்த்தாலும் கூடுதலாக ஒன்றுமில்லை.

இது எத்தனை வீட்டுக்கு வந்து சேர்ந்தது?

சேர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் இது காசு விஷயம். சுகர் வந்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை, வீட்டில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், லேப் என்று மாசாமாசம் கையிலிருந்து போகும், காப்பீட்டு அட்டையோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும், அதாவது கால் புண்ணாகி விரலை எடுக்கும் நிலைமைக்குப் போனால் பணம் வரும், அங்கே போகாமல் இருக்க நாம் செய்கிற செலவுக்கு வராது. (தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.)

2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் 1,13,043 பேர் கலந்துகொண்டார்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் என்று அதிலிருந்து தெரிந்தது, அதுதான் தலைப்புச் செய்தியும் ஆனது. பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடி. முதலில் பேச வேண்டியது இவர்களிடம்தானே!

இந்த மாதிரி ஆய்வுகள் வெளிவரும் ஆராய்ச்சி இதழ்களைப் படிக்க ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மத்திய அரசு மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது அரசு கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வகங்களுக்கும். தெருமுனை கிளினிக் டாக்டருக்கே அதில் இடமில்லை, அப்புறம் நோயாளி எங்கே.

அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு நோய் ஆய்வுக்கும் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று விதி போடலாம். எத்தனை பேரிடம் பார்த்தார்கள், என்ன பலன், என்ன செலவு, யாருக்குப் பொருந்தாது, இவ்வளவு போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒட்டட்டும், மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் கையிலும் கொடுத்தனுப்பட்டும். ‘மக்களுக்குப் புரியாது’ என்பவர்கள் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பாயசம் வரும்போது நாலு பேராவது தங்கள் மூன்று மாத சுகர் சராசரியைப் புள்ளி தப்பாமல் சொல்வார்கள்.