மாங்காய்க்குச் சீட்டு உண்டு, லேப்டாப்புக்குக் கிடையாது

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் எனக்குச் சோறு போடுகிற சாமான். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் இந்த ஒரே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நம்ம டவுன், தர்மபுரி, பெங்களூரு என்று ஐந்து ரிப்பேர் கடை ஏறி இறங்கிவிட்டேன்.

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர், நல்ல லேப்டாப் சர்வீஸ் கடை எது என்று கேட்டார். நாற்பது பேர் பதில் போட்டார்கள். ஒரு கடையைப் பாதிப்பேர் தெய்வம் என்றார்கள், அதே கடையை மீதிப்பேர் திருட்டுக் கடை என்றார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பதிவு அதைப் பற்றியது. கடைப் பெயர் எதையும் எழுதப் போவதில்லை. இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள், இதே ஊரில்தான் நானும் குடியிருக்கிறேன்.

2023 ஜூன். சீசன் உச்சத்தில் இருந்தது. பெங்களூரா என்கிற ரக மாங்காய், கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு லோடாகப் போய்க்கொண்டிருந்த நேரம். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கம்பெனி பெயர் வந்தது, அதற்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

கடையில் இருந்த பையன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் அடிபட்டிருச்சு சார். ஃபார்மட் போட்டாப் போதும், ஐநூறு ஆகும்" என்றான். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் சி டிரைவ் என்கிற பகுதியைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது.

"டேட்டா எல்லாம் போயிடுமா தம்பி?"

"டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும் சார். சி-ல ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"எல்லாமே டி-லதான்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

சாயந்திரம் வாங்கி வந்து திறந்தேன். திரை துடைத்த தரை மாதிரி இருந்தது. அன்றாடம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் வைத்திருந்த 'பாக்கி 2023' எக்செல் ஃபைலைக் காணோம். மூன்று வார வரவு, யாருக்கு எவ்வளவு கொடுத்தது, யாருக்கு எவ்வளவு நிற்கிறது, எல்லாம் அதில்தான் இருந்தது. டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பையனுக்கு அது முன்னாடியே தெரியும். சி என்றும் டி என்றும் கேட்டால் என்னைப் போன்ற ஆளுக்கு என்ன விளங்கும்? டெஸ்க்டாப்பில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தால் துள்ளிக் குதித்துச் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது தப்பில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. ஃபைல் மட்டும் போய்விட்டது.

பத்து நாள் கழித்து, யாரோ சொன்னார்கள் என்று பெங்களூருக்கு பஸ் ஏறினேன். நமக்கு ரயில்தான் இல்லையே, தொண்ணூறு கிலோமீட்டரும் பஸ்தான். எஸ்.பி. ரோடு என்கிற சாதர் பத்ரப்பா ரோட்டில் ஒரு சந்துக்குள் டேட்டா ரிக்கவரி செய்கிற ஒரு பெரியவர், நம்ம பக்கத்துத் தமிழ்தான் பேசினார். முதலில் கேட்டது, "ஃபார்மட் பண்ணினதுக்கு அப்புறம் எத்தனை நாள் ஓட்டினீங்க?"

பத்து நாள் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் அவரே விளக்கினார். சாதாரணமாகப் போடுகிற ஃபார்மட்டில் ஃபைல் உடனே அழிந்துவிடாதாம். பேரேட்டில் முன்பக்கத்துப் பெயர் அட்டவணையைக் கிழித்துப் போட்ட மாதிரி, கணக்கு உள்ளேயே இருக்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் காலி என்று நினைத்து புது விண்டோஸ் அதன் மேலேயே எழுதிவிடும். ஓட்ட ஓட்ட இன்னும் எழுதும். ஃபைல் போனது தெரிந்தால் முதல் வேலையாக மெஷினை அணைத்து வைக்கணும் என்றார். அதிலும் எனக்கு இருந்தது பழைய ஹார்டு டிஸ்க் என்பதால்தான் இந்த நம்பிக்கையாவது, எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க் என்றால் பெரும்பாலும் அதுவும் இல்லையாம். சில பாதி போட்டோக்கள் வந்தன. எக்செல் வந்தது, திறக்கவில்லை. பார்த்த கூலி மட்டும் 500 வாங்கிக்கொண்டார். அந்த 500 எனக்கு வலிக்கவே இல்லை.

கடைசியில் கணக்கைக் காப்பாற்றியது எடைச் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள்தான். மூன்று ராத்திரி வீட்டம்மா கார்பன் நகலைப் பார்த்து வாசிக்க வாசிக்க, நான் அடித்தேன். ஏழா ஒன்றா என்று தெரியாத இடத்தில் எல்லாம் மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்டேன்.

அப்போதுதான் இந்த யோசனையே வந்தது. போச்சம்பள்ளியிலிருந்து ஒருத்தர் டெம்போவில் காய் கொண்டுவந்து இறக்கினால், பெயர், காய் ரகம், எடை, கழிவு என்று எடையில் பிடிப்பது எல்லாம் எழுதிக் கையில் ஒரு சீட்டு கொடுக்கிறோம். கழிவு அதிகமாகப் பிடிக்கிறீர்கள் என்று எங்களைத் திட்டாத விவசாயி கிடையாது, அந்தத் திட்டில் நியாயமும் உண்டு. ஆனால் எவ்வளவு பிடித்தோம் என்று சீட்டில் இருப்பதால்தான் அவரால் திட்டவே முடிகிறது. கிலோ பதினைந்து ரூபாய் காய்க்கு இவ்வளவு. நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வரும்போது கையில் என்ன இருக்கிறது? "நாளைக்கு சாயந்திரம் வாங்க சார்", அது ஒன்றுதான்.

கடைக்காரரிடம் மட்டும் ஒரு சீட்டு இருக்கும். அதையும் லேப்டாப் மூடி மேலேயே ஒட்டுவார்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் ஸ்கெட்ச் பேனாவால் 'மாங்கா மண்டி, ஃபார்மட்', கீழே கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு. கடைக்கு வந்து போகிற எல்லோரும் படிக்கலாம். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. காலேஜ் படிக்கும் என் மகள்தான் சத்தம் போட்டாள். அதில் அவளுடைய மெயில் திறந்தே இருக்கிறது, போட்டோ எல்லாம் இருக்கிறது. இப்போது கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் வெறும் ஒரு தனி யூசர் கணக்கு போட்டு, அந்தப் பாஸ்வேர்டை மட்டும்தான் கொடுக்கிறாள். ஒரு கடையில் அதற்கு, "எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று முகம் சுளித்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் லேப்டாப் ஆமை மாதிரி ஆகிவிட்டது என்று வேறொரு கடையில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டேன். "ஃப்ரெஷ் பீஸ் சார்", வேலையோடு சேர்த்து 2,700. உண்மையிலேயே பறந்தது. வருகிற போகிறவர்களிடம் எல்லாம் கடையைப் புகழ்ந்தேன், அன்றைக்கு யாராவது குரூப்பில் கேட்டிருந்தால் தெய்வம் என்று சொல்கிற பாதிப்பேரில் நானும் ஒருத்தனாக இருந்திருப்பேன். ஒரு மாதம் கழித்து மகள் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஏதோ ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இது எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுது. 11,214."

நான் வாங்கி முப்பது நாள். ராத்திரி பகலாக ஓட்டியிருந்தாலும் 720 மணி நேரம்தான். 11,214 என்றால் ஒரு வருடம் மூன்று மாதத்துக்கு மேல் அணையாமல் ஓடிய கணக்கு. யாருடைய சிசிடிவி கேமரா பெட்டியில் ஓடிக்கொண்டிருந்ததோ. கடைக்குப் போய்க் காட்டினேன். ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "டெஸ்டிங்குக்கு ஓட்டியிருப்பாங்க சார்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபேச்சில்லாமல் சீல் பிரிக்காத ஒன்றை எடுத்து மாற்றிக் கொடுத்தார். என் பழைய ஹார்டு டிஸ்க் எங்கே என்று கேட்டேன். அது எப்போதோ போய்விட்டதாம். எங்கே போனது, அதில் இருந்த என் கணக்கெல்லாம் இப்போது யார் மேஜையில் இருக்கிறது, தெரியாது. பைக்குக்கு பிரேக் ஷூ மாற்றினால்கூட மெக்கானிக் பழையதைக் கையில் கொடுத்து, எப்படித் தேய்ந்திருக்கிறது பாருங்கள் என்கிறார். இங்கே கழற்றினது கழற்றின இடத்திலேயே மாயமாகிவிடுகிறது.

மூன்றாவது கதை சின்னது. ஒருநாள் பவர் லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பு. மச்சான் சிபாரிசில் தர்மபுரியில் ஒரு கடை. மதர்போர்டு போச்சு, 8,500 என்றார்கள். அவ்வளவுக்கு மனசு வராமல் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, நம்ம டவுனிலேயே மாடியில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு பையனிடம் போனேன். அவன் பின்மூடியைக் கழற்றினான், ரேம் என்கிற மெமரி அட்டையை உருவினான், டப்பாவிலிருந்து ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் ஒன்றை எடுத்து அதன் தங்க நிறப் பல்வரிசையை நாலு தேய் தேய்த்தான். பிரஷ்ஷால் தட்டிவிட்டுச் செருகினான். திரை வந்தது.

"எவ்ளோ தம்பி?"

"நூத்தம்பது குடுங்கணா."

தர்மபுரிக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவருக்கு நிஜமாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். போர்டில் எந்தப் பொருள் போயிருக்கிறது என்று மீட்டர் வைத்துத் தேடுவது ஒரு வித்தை, முழு போர்டையே மாற்றுவதற்கு அந்த வித்தை வேண்டாம். தெரியாதது குற்றமில்லை. தெரியாததற்கும் ஒரு விலை சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் கோபம்.

மாடிப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2011-ல் அரசு ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது அவனுக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. வாரண்டி முடிந்த மறுநாளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டானாம். அப்புறம் கூடப் படித்தவர்களுடையதை எல்லாம் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் கற்றிருக்கிறான். அவனைப் போன்றவர்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தோன்றியது. அவனிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தால் கொட்டித் தீர்த்துவிட்டான். அலமாரியைத் திறந்து காட்டினான். பன்னிரண்டு லேப்டாப் அடுக்கி வைத்திருந்தான், எல்லாம் வேலை முடிந்தும் யாரும் வந்து வாங்காதவை. போன் போட்டால் எடுப்பதில்லை. விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. என்ன கோளாறு என்று அரை நாள் உட்கார்ந்து அவன் கண்டுபிடிப்பான், அதைக் கேட்டுக்கொண்டு போய் ஆன்லைனில் பாகத்தை வாங்கி வந்து, "மாட்டி மட்டும் குடுப்பா" என்பார்களாம். அப்புறம் "ஒரு ஸ்க்ரூ திருகினதுக்கு முன்னூறா?" என்கிற பழைய பாட்டு. ஸ்கேன் எடுத்த டாக்டரிடம் இப்படிக் கேட்போமா?

நியாயம்தான். பழகிய கடை என்று நாமும் சீட்டு கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு கூச்சம். பில் கேட்டால், "பில்லுன்னா 18 பர்சன்ட் சேரும் சார்" என்பார்கள், உடனே வேண்டாம் என்று பின்வாங்குவோம். கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதை மட்டும் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சின்னக் கடை உங்களிடம் அந்த 18 சதவீதத்தை வாங்கவே கூடாது. ஆனால் சாதாரண பில் தாராளமாகத் தரலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்று சேர்த்திருக்கிறார்கள். 1915 என்று ஒரு நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆனால் கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போய் நின்று எதைக் காட்டுவது? 11,214 மணி நேரத்தையா?

போன அக்டோபர் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும், ஒரு கடையில் "இனிமே இது ஓடாது சார், புதுசு வாங்கிடுங்க, எக்ஸ்சேஞ்சுல மூவாயிரம் தரேன்" என்றார்கள். என்னுடையது 2018-ல் வாங்கியது, ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர். விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோதான் கேட்கிறது, அது உண்மை. வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதுவும் உண்மை. ஓடாது என்பது மட்டும் உண்மையில்லை. இந்தப் பதிவையே அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். பேங்க் வேலையை மட்டும் அதில் செய்வதை விட்டுவிட்டேன்.

மாடிப் பையனிடமும் முதலில் சீட்டுப் பழக்கம் கிடையாது. எங்கள் மண்டிச் சீட்டுப் புத்தகம் ஒன்றை, பழசுதான், பாதி மிச்சம் இருந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் சிரித்தான். இப்போது அதில்தான் எழுதிக் கிழித்துத் தருகிறான். 'ரகம்' என்று அச்சடித்த இடத்தில் லேப்டாப் கம்பெனி பெயர், 'எடை' இருக்கும் இடத்தில் ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எவ்வளவு, அதன் சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்து. 'கழிவு' என்ற கட்டத்தில் கழற்றின சாமானை எழுதுகிறான். கழற்றினதை ஒரு கவரில் போட்டுக் கூடவே கொடுத்துவிடுகிறான். இரண்டு மாதத்துக்கு மேல் வாங்க வராதவர்களுக்கு அந்தச் சீட்டையே போட்டோ எடுத்து அனுப்புகிறானாம், மூன்று பேர் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இப்போது லேப்டாப்பின் வலது பக்கக் கீல் உடைந்துவிட்டது, மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் அடிக்கிறேன். நாளைக்குக் காலையில் அவனிடம் கொண்டுபோகணும். இரண்டு கீலும் மாற்றி, பிளாஸ்டிக் உடைந்த இடத்தையும் ஒட்டிக் கொடுக்க 1,800 ஆகும் என்று போனில் சொன்னான். ஓசூர் பக்கம், பர்கூர் பக்கம் யாராவது சமீபத்தில் மாற்றியிருந்தால் எவ்வளவு ஆச்சு என்று போடுங்கள். அவன் இந்தப் பதிவைப் படிப்பான், பரவாயில்லை.