கோ-லைவ் தேதியை ஸ்டோர்ஸ் முடிவு செய்யட்டும்

"வர்ற ஏப்ரல் ஒண்ணுல இருந்து ஈஆர்பி லைவ்" என்று தீபாவளி முடிந்த கையோடு முதலாளி அறிவித்துவிடுவார். பம்ப், மோட்டார், வால்வு, ஆட்டோ பார்ட்ஸ் செய்கிற கோவை, ஓசூர்ப் பக்கத்து நடுத்தரக் கம்பெனிகளில் இது வாடிக்கை. (ஈஆர்பி என்றால் பர்ச்சேஸ், ஸ்டாக், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்துகிற சாஃப்ட்வேர்; அதில் நிஜ வேலை தொடங்குகிற நாள்தான் கோ-லைவ்.) புது நிதியாண்டு, புது பில் நம்பர், ஓப்பனிங் பேலன்ஸ் சுத்தமாக ஏறிவிடும் என்கிற நம்பிக்கை. சாஃப்ட்வேர் விற்றவரும் சரி என்று தலையாட்டிவிடுவார்.

இந்தத் தேதியை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். மார்ச்சில் ஸ்டோர்ஸ்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வருட டார்கெட்டுக்காக டிஸ்பேட்ச் நெருக்கும், ஆடிட்டர் ஸ்டாக் எண்ண வருவார், வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் போக வேண்டும். அதே ஆளிடம் ஐட்டம் மாஸ்டரையும் (எல்லாப் பொருட்களின் பெயர், கோடு உள்ள பட்டியல்) சரிபார்க்கச் சொன்னால் எதைப் பார்ப்பார்? அதோடு, மார்ச் 31 கணக்கு ஆடிட் முடிந்த பிறகுதான் இறுதியாகும். ஏப்ரல் 1 அன்று ஏற்றுகிற ஓப்பனிங் எப்படியும் தற்காலிக ஓப்பனிங்தான். ஜூலை 1 அல்லது அக்டோபர் 1 வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. ஜிஎஸ்டியில் பில் நம்பர் அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, வரிசை தவறக்கூடாது, 16 எழுத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். வேறு முன்னெழுத்து வைத்துப் புது சீரிஸ் நடுவருடத்திலும் தொடங்கலாம்.

ஆனால் ஜூலையா அக்டோபரா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். சிஸ்டத்தில் ஏற்றப்போகிற ஸ்டாக்கும் ரேக்கில் இருக்கிற ஸ்டாக்கும் ஒன்றா என்பதுதான் முதல் கேள்வி. ஏ வகுப்பு ஐட்டங்களில் (மதிப்பு அதிகமுள்ளவை) நூறு எடுத்து எண்ணிப் பாருங்கள். 95க்கும் குறைவாகப் பொருந்தினால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். என் அளவுகோல் இதுதான்.

ஏன் பொருந்தாமல் போகிறது? ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஒரே பேரிங் "6203 இசட்இசட்" என்று ஒரு ஐட்டம் கோடிலும் "பேரிங் 6203" என்று இன்னொரு கோடிலும் கிடக்கும். ஒன்றில் ஸ்டாக் இருக்க, இன்னொன்றுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போகும். எக்செல்லில் வரிசைப்படுத்தி உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். பிடிபடாமல் ஓடுவது பிஓஎம்-மில் (ஒரு பொருள் செய்ய எந்த மூலப்பொருள் எவ்வளவு வேண்டும் என்கிற பட்டியல்) இருக்கிற அளவுத் தப்பு.

பம்ப் ஷாஃப்டையே எடுத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இஎன்8 எஃகு ராடு, கிலோ கணக்கில் வாங்குகிறோம், 300 மில்லி நீளத்துக்கு வெட்டுகிறோம். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை 3.858 கிலோ. 300 மில்லிக்கு 1.157 கிலோ. டிசைன் டிபார்ட்மெண்ட் இந்த எண்ணைத்தான் பிஓஎம்-மில் போடும். இப்போது கட்டிங் மெஷின் பக்கம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு 3 மில்லி தின்கிறது. 6 மீட்டர் ராடில் 20 பீஸ் வராது, 19தான் வரும். மிச்சம் 243 மில்லி எண்ட் பீஸ். ராடின் எடை 23.15 கிலோ, அதை 19ஆல் வகுத்தால் ஒரு ஷாஃப்டுக்கு 1.218 கிலோ. ஆயிரம் ஷாஃப்டுக்கு 61 கிலோ வித்தியாசம். சிஸ்டத்தில் ராடு இருக்கும், ரேக்கில் இருக்காது. எம்ஆர்பி (எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்று சிஸ்டம் போடுகிற தேவைக் கணக்கு) ஓட்டினால் "ஸ்டாக் இருக்கிறது, வாங்க வேண்டாம்" என்று சொல்லும், லைன் நிற்கும். பழி சாஃப்ட்வேர் மேல் விழும். பிஓஎம்-மை டிசைன் ஆளோடு கட்டிங் சூப்பர்வைசரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். அந்த எண்ட் பீஸை வேறு சின்ன பாகத்துக்குப் பயன்படுத்துகிறீர்களா, ஸ்கிராப்பில் போடுகிறீர்களா என்பதும் சிஸ்டத்தில் வர வேண்டும்.

அடுத்தது ஜாப் வொர்க், அதாவது நம் பொருளை வெளியாளிடம் அனுப்பி வேலை செய்து வாங்குவது. காஸ்டிங் ஒரு இடத்தில், மெஷினிங் இன்னொரு இடத்தில், பவுடர் கோட்டிங் மூன்றாவது இடத்தில் என்றுதான் கோவையில் பம்ப் உருவாகிறது. நம் சரக்கில் ஒரு நல்ல பகுதி எப்போதும் அடுத்தவர் ஷெட்டில் கிடக்கும். ஓப்பனிங் ஸ்டாக் ஏற்றும்போது நம் கோடவுனை மட்டும் எண்ணிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். முதல் வாரமே மெஷினிங் முடிந்த இம்பெல்லர் கேட்டுக்கு வந்து நிற்கும். வரவு வைக்கப் போனால் சிஸ்டத்தில் அதற்கு அனுப்பிய சலானே இருக்காது. உடனே ஒரு டம்மி என்ட்ரி போட்டு உள்ளே எடுப்பார்கள், அங்கே தொடங்குகிறது சீரழிவு.

நிலுவையில் இருக்கிற சலான்களை வெண்டர்வாரியாக எழுதி, பாக்கி எண்ணிக்கைக்கு அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மொத்தமாக ஒரே எண்ணாக ஏற்றாமல் சலானுக்கு ஒரு வரி, பழைய தேதியோடு ஏற்றுங்கள். ஜிஎஸ்டி சட்டம் 143ஆம் பிரிவின்படி ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கணக்கு, வரியும் வட்டியும் நம் தலையில். கோ-லைவ் தேதியைப் போட்டு ஏற்றினால் அந்த ஒரு வருடக் கெடு எப்போது முடிகிறது என்பதே தெரியாது. ஜாப் வொர்க்குக்கான ஐடிசி-04 படிவம் தாக்கல் செய்யும்போது அக்கவுண்ட்ஸ் ஆள் திண்டாடுவார்.

"இப்போதைக்கு நெகட்டிவ் ஸ்டாக்கைத் திறந்து விடுங்க, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று புரொடக்‌ஷனில் இருந்து கோரிக்கை வரும். தயவுசெய்து இணங்காதீர்கள். ஒரு பொருள் 10 எண்ணம், ஒன்று 100 ரூபாய். ஸ்டாக் மதிப்பு 1,000. வரவு வைக்காமலே 15 எடுத்துவிட்டால் ஸ்டாக் மைனஸ் 5, மதிப்பு மைனஸ் 500. பிறகு 120 ரூபாய் விலையில் 20 வருகிறது, 2,400. இப்போது கையில் 15, மதிப்பு 1,900. சாதாரணச் சராசரிக் கணக்கில் விலை 126.67 ரூபாய்! அந்த விலைக்கு யாருமே அந்தப் பொருளை வாங்கியதில்லை. இதே விலை காஸ்ட் ஷீட்டுக்குப் போகும், அங்கிருந்து கொட்டேஷனுக்குப் போகும். எஸ்ஏபி, ஈஆர்பிநெக்ஸ்ட் ஆகிய ஈஆர்பி சாஃப்ட்வேர்களில் இந்தக் கதவு தானாகவே மூடித்தான் வரும், நாமாகத் திறந்தால்தான் உண்டு. டேலியில் பழகியவர்களுக்கு அந்த மூடல் தொல்லையாகத் தெரியும். வரவு வைக்காத ஜிஆர்என்-னை (சரக்கு வந்ததற்கான சீட்டு) அன்றைக்கே வரவு வைப்பதுதான் தீர்வு.

சிஸ்டமும் ரேக்கும் பொருந்தாமல் போவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999 ஜூலையில், ஹாலோவீன் விற்பனை சூடுபிடிக்கிற நேரத்தில், எஸ்ஏபி-யோடு இன்னும் இரண்டு சாஃப்ட்வேர்களைச் சேர்த்து ஒரே வீச்சில் லைவ் போனது. சாக்லேட் இருந்தது, ஆர்டரும் இருந்தது. ஆனால் சீசனில் கிடைத்த இடத்திலெல்லாம் அடுக்கிவைத்த சரக்கின் இருப்பிடங்கள் சிஸ்டத்தில் இல்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் போனது.

அக்கவுண்ட்ஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெட்ஜர் பேலன்ஸ் மட்டும் ஏற்றினால் போதாது, பார்ட்டிவாரியாக பில்-பை-பில் ஏற்ற வேண்டும். சரக்கு வந்து பில் வராதவை, கொடுத்த அட்வான்ஸ், பாதி சப்ளையான பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். எல்லாவற்றுக்கும் எதிர்ப்பதிவு ஒரு ஓப்பனிங் சஸ்பென்ஸ் கணக்கில் விழும்படி வையுங்கள். அது பூஜ்யம் ஆகும்வரை மைக்ரேஷன் முடியவில்லை. இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவு செய்கிற பில்) வரம்பு 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய் வருட விற்றுமுதல் என்பதால் பெரும்பாலான கம்பெனிகள் அதற்குள் வந்துவிடும். கஸ்டமர் மாஸ்டரில் பின்கோடு ஒரு மாநிலம், ஸ்டேட் கோடு இன்னொரு மாநிலம் என்று இருந்தால் ஐஆர்என் (அந்தத் தளம் பில்லுக்குத் தருகிற எண்) கிடைக்காது, லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும். கட்-ஓவருக்கு (புது சிஸ்டத்துக்கு மாறுவதற்கு) முன் இரண்டு தடவையாவது டெஸ்ட் சர்வரில் முழு டேட்டாவையும் ஏற்றி, டாப் 50 கஸ்டமருக்கு மாதிரி இன்வாய்ஸ் போட்டுப் பாருங்கள்.

சப்போர்ட் ஒப்பந்தம் பேசும்போது எல்லோரும் ரேட்டைத்தான் பேரம் பேசுகிறார்கள். முதல் இரண்டு மாத முடிவுக் கணக்கையும் இம்ப்ளிமெண்ட் செய்த அதே டீம் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துத் தர வேண்டும் என்ற வரியைக் கேளுங்கள். முதல் மாதம் தெரியாத ஓட்டைகள் இரண்டாவது மாதம்தான் வெளியே வரும். இன்னொரு வரி, பேக்-எண்டில், அதாவது டேட்டாபேஸுக்குள், நேரடியாக டேட்டாவை மாற்றக்கூடாது. "ஒரு குவரி போட்டு மாத்திக் குடுங்க சார்" என்று கேட்பதும், சப்போர்ட் ஆள் தயவாகச் செய்துகொடுப்பதும் சகஜம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்ட விதிப்படி கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியோடு எடிட் லாக் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக்கூடாது. அது வருடம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். தப்பான என்ட்ரிக்கு எதிர் என்ட்ரிதான் வழி.

கடைசியாக, கீ யூசராக (தன் துறை சார்பில் ப்ராஜெக்டில் உட்காருகிற ஆள்) யாரைப் போடுகிறீர்கள் என்பது. வேலை குறைவாக இருக்கிற ஜூனியரை அனுப்பாதீர்கள். எந்த ரேக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடிய, "அவர் இல்லாவிட்டால் டிஸ்பேட்ச் நின்றுவிடும்" என்று பயப்படுகிற ஆளையே மூன்று மாதம் பாதிநேரம் இதற்கு விடுங்கள். அவருடைய அன்றாட வேலைக்கு ஒரு உதவியாளரைப் போடுகிற சம்பளத்தை ப்ராஜெக்ட் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். கொட்டேஷன் வாங்கும்போது லைசென்ஸ், சர்வர், கன்சல்டண்ட் என்று வரிசை போடுகிறீர்களே, அதில் இந்த வரி இல்லாத பட்ஜெட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.