டயாலிசிஸ் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரு சால்வை போதாது

மே 12 செவிலியர் தினத்தன்று எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் இன்சார்ஜ் சிஸ்டருக்குச் சால்வை போர்த்தி, பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. பெரியப்பா வாரத்தில் மூன்று நாள் அங்கே போகிறவர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சான்றிதழின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் படித்துவிட்டு, "அந்தம்மா செய்கிற வேலை ஒன்றுகூட இதில் இல்லையே" என்றார். "அர்ப்பணிப்பு உணர்வுடன் பணியாற்றியமைக்காக" என்று ஒரே வரி. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய வரி. பெரியப்பாவுக்குத் துணையாகப் போய் அந்த வார்டு வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார்.

காலையில் வந்ததும் அவர் நோயாளிகளிடம் போவதில்லை. பின்னால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் இருக்கும் அறைக்குத்தான் போவார். டயாலிசிஸில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் திரவம், பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான், ஒரே நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீரில் கிருமி போகக் குளோரின் கலக்கிறார்கள். குடிப்பதற்கு அதில் ஆபத்து இல்லை. அதுவே டயாலிசிஸ் தண்ணீரில் தங்கிவிட்டால் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது கார்பன் ஃபில்டர். ஆகவே ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் சிறு குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து சேர்த்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நிறம் மாறாமல் இருந்தால் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் இயந்திரங்களை ஓட்டச் சொல்வார்.

ஒருநாள் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. முதல் ஷிப்டை நிறுத்திவிட்டார். வெளியூர்களிலிருந்து விடியலிலேயே புறப்பட்டு வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். "ஒரு நாள் தண்ணீருக்கு என்ன ஆகிவிடப்போகிறது" என்று ஒருவர் கத்தினார். மேலிடத்திலிருந்தும் போன் வந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை, அசையவும் இல்லை. ஃபில்டர் சரியாகி, இரண்டு முறை பரிசோதித்து நிறம் வராத பிறகே முதல் ஊசி போடப்பட்டது. அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாத காரணத்தால் அது யாருடைய சாதனைப் பட்டியலிலும் ஏறவில்லை. என் ஆதங்கமே இதுதான். ஒரு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தால் படத்தோடு செய்தி வருகிறது. வரட்டும், வர வேண்டியதுதான். தொற்று வராத மாதமும் கெட்டுப்போகாத ரத்தநாளமும் எந்தச் செய்தியாளர் கண்ணிலும் படுவதில்லை.

ரத்தநாளம் என்றதும் பெரியப்பாவின் இடது கையைச் சொல்ல வேண்டும். தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்து உண்டாக்குகிற ஃபிஸ்டுலாவில்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசிகளை ஏற்றுகிறார்கள். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்த முறை, இன்றுவரை இதைவிட நல்ல வழி வரவில்லை. அந்த ஃபிஸ்டுலா கெட்டுப்போனால் கழுத்தில் குழாய் வைக்க வேண்டும். குழாய் வைத்தால் தொற்று பயம். குத்திக் குத்தி மென்மையான இடத்திலேயே ஊசி போடுவது புதிதாக வருபவருக்குச் சுலபம், நோயாளிக்கும் வலி குறைவு. ஆனால் அந்த இடம் நாளடைவில் புடைத்துக்கொள்ளும். இந்த சிஸ்டர் ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் கையின் படம் வரைந்து வைத்திருக்கிறார். இன்று குத்திய இடத்தில் புள்ளி, அடுத்த முறை அதிலிருந்து தள்ளி இன்னொரு புள்ளி. ஊசி எடுக்குமுன் இரண்டு விரலை வைத்து உள்ளே ஓடும் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பார். "ஐயா, இந்தக் கையில் பை மாட்டாதீர்கள், வாட்ச் கட்டாதீர்கள், தலைக்கு வைத்துப் படுக்காதீர்கள்" என்பதை அலுக்காமல் சொல்வார். புதிதாக வந்த செவிலியர் பயந்தால் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார்.

கை கழுவும் விஷயத்தில் மட்டும் அவர் கடுமையானவர். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கையுறையை மாற்றாமல் போனால் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடலாம். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இயந்திரமே தனி. ஒருமுறை சுற்றி வந்த பெரிய டாக்டரிடமே "சார், கை" என்றார். இரண்டே சொற்கள். டாக்டரும் மறுபேச்சில்லாமல் கழுவிவிட்டு வந்தார். அவரையும் இங்கே மெச்சுகிறேன்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸுக்கும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலிக்கும் யார் பணம் தருவது? அதனாலேயே பலர் வாரத்தில் ஒரு முறையை விட்டுவிடுகிறார்கள். இந்த சிஸ்டரோ யார் யார் எந்த ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதற்கேற்ப ஷிப்டுகளை மாற்றிப் போட்டார். நேரத்துக்கு வராதவருக்கு அவரே போன் செய்வார். "ரூட் தெரிந்தவர் போட்ட ஷெட்யூல்" என்று பெரியப்பா சொன்னது வெறும் முகஸ்துதி இல்லை. முப்பது வருஷம் ரூட்டில் ஓடியவர் பேச்சு அது.

சனிக்கிழமைதான் அவர் அதிகம் பேசும் நாள். அடுத்த டயாலிசிஸ் செவ்வாய்க்கிழமை, இடைவெளி நீளம். "ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் இருக்கிறதா? பந்தியில் வாழைப்பழத்தைத் தொடாதீர்கள். வெயிலுக்கு இளநீர் குடித்துவிடாதீர்கள்." நமக்கு நல்லதென்று காலங்காலமாகக் கொடுக்கிற இளநீரில் பொட்டாசியம் அதிகம். வேலை செய்யாத சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இதயத் துடிப்பே நின்றுபோகலாம். கீரையை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறையை எங்கள் பெரியம்மாவுக்கு வார்டு வாசலில் நின்றே சொல்லிக்கொடுத்தார்.

"சம்பளம் வாங்குகிறார், செய்கிறார்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் ஊசி போடுவதற்கு. கையின் படம் வரைவதும் பஸ் நேரம் விசாரிப்பதும் எந்தப் பணிப் பட்டியலில் இருக்கிறது? 1960இல் சியாட்டிலில் டாக்டர் ஸ்கிரிப்னர் உருவாக்கிய குழாயால் க்ளைட் ஷீல்ட்ஸ் என்பவர் தொடர் டயாலிசிஸில் 11 ஆண்டுகள் வாழ்ந்தார் என்று படிக்கிறோம். குழாயைக் கண்டுபிடித்தவர் பெயர் நிலைத்துவிட்டது, நியாயம்தான். அத்தனை ஆண்டுகளும் ஷீல்ட்ஸின் பக்கத்தில் இருந்து இயந்திரத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்களை எத்தனை பேர் தேடியிருப்போம்?

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்பது இவை. டயாலிசிஸ் தெரிந்த செவிலியரைச் சுழற்சி முறையில் வேறு வார்டுக்குத் தூக்கிப் போடாதீர்கள். இந்தக் கையும் கண்ணும் பழக வருடங்கள் ஆகின்றன; போனவர் இடத்துக்கு வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, விலை கொடுப்பது நோயாளியின் கை. இந்திய நர்சிங் கவுன்சிலின் சிறப்புப் படிப்புகளில் சிறுநீரக நர்சிங்கும் இருக்கிறது. அதைப் படித்தவருக்கும், படிக்காமலே அனுபவத்தால் தேர்ந்தவருக்கும் தனிப் பதவியும் அதற்கான ஊதியமும் கொடுங்கள். தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இளம் செவிலியர்களை நிரந்தரமாக்குங்கள். நாளைய இன்சார்ஜ் அவர்களில் ஒருவர்தான். அந்தப் பிரிவில் இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது, எத்தனை ஃபிஸ்டுலா காப்பாற்றப்பட்டது என்பதை வாசலில் எழுதிப் போடுங்கள். பாராட்டு அதைப் படித்துத் தானாக வரும்.

விழா முடிந்த பிறகு வாழ்த்துச் சொல்லப் போன பெரியப்பாவிடம் அவர் தன் விருதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாவது ஷிப்டுக்கு இன்னொரு செவிலியர் கேட்டு எழுதியிருப்பதாகவும், ஆள் வந்தால் காத்திருப்பவர்கள் சிலரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் மருத்துவமனை அலுவலகத்தில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் அதை நகர்த்தக்கூடிய பொறுப்பில் யார் இருந்தாலும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.