ஹோஸ்டிங்காரர் போனை எடுக்கவில்லையா? அவரைத் தேடுவதை நிறுத்துங்கள்

"சைட் படுத்துவிட்டது, ஹோஸ்டிங் கொடுத்தவர் போனை எடுப்பதில்லை, அவரை எப்படிப் பிடிப்பது?" என்று அடிக்கடி இன்பாக்ஸில் கேட்கிறார்கள். வேறு நம்பர் கிடைக்குமா, லிங்க்ட்இன்னில் இருக்கிறாரா என்று ஆளைத் துரத்துவதிலேயே எல்லோருடைய கவனமும் போகிறது. பிடிக்க வேண்டியது அவரையல்ல, அவருக்கு மேலே இருப்பவர்களை என்பது என் கட்சி.

சின்ன ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் ரீசெல்லர்கள்தான். ஒரு பெரிய டேட்டா சென்டரில் சர்வரை வாடகைக்கு எடுத்து, துண்டு போட்டு விற்கும் ஒற்றை ஆள். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், தொழிலையே யாருக்காவது கைமாற்றியிருக்கலாம். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் அவர் மேலே கட்ட வேண்டிய வாடகையைக் கட்டாமல் விட்டால் சர்வர் எந்த நாளும் அணைந்துவிடும். அதனால் சைட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், புகார் டிக்கெட் மேல் டிக்கெட் போடுவதை விட்டுவிட்டு சிபேனலுக்குள் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) போய் முழு பேக்கப் எடுத்துக் கீழே இறக்குங்கள். ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வேர்ட்பிரஸ் தளத்தில் நீங்கள் எழுதியதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. முழு பேக்கப் எடுக்க முடியாவிட்டால் அதைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். மெயிலும் அதே சர்வரில் இருந்தால் அதையும்.

அடுத்தது டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணையப் பெயர். டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான ஐகானின் (ICANN) லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'ரெடாக்டட்' (மறைக்கப்பட்டது) என்றுதான் இருக்கும்; 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். பரவாயில்லை, ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனம்) யார், புகாருக்கான மெயில் எது, எப்போது காலாவதியாகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ரிஜிஸ்ட்ரார்தான் உங்களுக்கு வேண்டிய முதல் ஆள், ஹோஸ்டிங்காரர் அல்ல.

டொமைன் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று தெரியவில்லையென்றால் பழைய மெயில்களைத் தேடுங்கள். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் உரிமையாளருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. ரிஜிஸ்ட்ராரிடமிருந்து அது உங்களுக்கு வந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. .காம், .நெட் போன்றவற்றில், கேட்ட 5 நாளுக்குள் ரிஜிஸ்ட்ரார் டிரான்ஸ்ஃபருக்கான ஆத் கோடை (டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) தர வேண்டும். தராவிட்டால் ஐகானில் புகார் கொடுக்கலாம். நாட்டுக் குறியீட்டு டொமைன்களுக்கு விதிகள் வேறு. இன்னொன்று: ஹோஸ்டிங் பற்றிய புகாரை ஐகான் எடுத்துக்கொள்ளாது, அங்கே போய் அதை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். டொமைனை ஹோஸ்டிங்காரரே தன் பெயரில் பதிந்து வைத்திருந்தால்தான் தலைவலி. பணம் கட்டிய ரசீது, பழைய கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் ரிஜிஸ்ட்ராரிடம் காட்டி வாதாட வேண்டியிருக்கும்.

இனி சர்வர் யாருடையது என்று பார்க்கலாம். நேம்சர்வரில் (டொமைன் எந்த சர்வரில் இருக்கிறது என்று வழிகாட்டுவது) ரீசெல்லர் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும், ஐபி முகவரியில், அதாவது சர்வரின் எண் முகவரியில், அந்த வேலை பெரும்பாலும் நடக்காது. உலகத்தின் ஐபி முகவரிகளை ஆரின், ரைப், ஏபிநிக், லாக்நிக், ஆஃப்ரிநிக் என்று ஐந்து பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. அவற்றில் தேடினால் அந்த முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று வந்துவிடும். தளத்துக்கு முன்னால் நின்று உண்மையான சர்வரை மறைக்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் பின்னால் தளம் இருந்தால் அதன் பெயர்தான் காட்டும். அப்போது உங்கள் தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து எப்போதோ வந்த மெயிலைத் திறந்து, ஹெடரில் (மெயில் வந்த வழியைக் காட்டும் மறைவான தலைப்பு விவரம்) 'ரிசீவ்டு' வரிகளைப் பாருங்கள். கீழே இருக்கும் வரிதான் மெயில் கிளம்பிய இடம். பெரும்பாலும் உண்மையான சர்வரின் ஐபி அங்கே அகப்பட்டுவிடும்.

டேட்டா சென்டருக்கு எழுதும்போது ஸ்பேம், ஹேக்கிங் என்றெல்லாம் கதை விடாதீர்கள். டொமைன், ஐபி, எதுவரை பணம் கட்டியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, தங்கள் வாடிக்கையாளருக்கு இதை அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். உங்கள் கையில் சர்வரைத் தர மாட்டார்கள், அவர்களுடைய ஒப்பந்தம் ரீசெல்லரோடுதான். ஆனால் உங்களுக்குப் பதில் சொல்லாத மனிதர், தனக்கு சர்வர் தருபவருக்குப் பதில் சொல்லிவிடுவார் என்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எவ்வளவு காலம் காத்திருப்பது என்று கேட்டால், ஹோஸ்டிங்காரரின் சொந்த டொமைனையும் அதே லுக்அப்பில் போட்டுப் பாருங்கள். அதுவே காலாவதியாகிக் கிடந்தால் கடையை மூடிவிட்டார் என்று அர்த்தம். சர்வரும் போய்விட்டதென்றால் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் உங்கள் பழைய பக்கங்கள் கிடைக்கலாம், எழுத்தாவது மிஞ்சும்.

டொமைன் கைக்கு வந்ததும் வேறு இடத்தில் ஹோஸ்டிங் எடுத்து, நேம்சர்வரை மாற்றிவிட்டால் ஓரிரு நாளில் தளம் எல்லோருக்கும் திறக்கும். அப்புறம் மறக்காமல் பழைய கணக்கில் இருக்கும் கார்டு விவரத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பேங்கில் சொல்லி ஆட்டோ பேமென்ட்டை நிறுத்துங்கள். ஆள் காணாமல் போனாலும் அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் தேதி தவறாமல் பணம் எடுக்க வரும்.