கைனர்-ஃபலேஃபாவைத் திட்டுவதை நிறுத்துங்கோ

2025 நவம்பர் 1 இரவு, உலகத் தொடர் என்கிற பேஸ்போல் இறுதித் தொடரில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் தோற்றதில் இருந்து என் முகநூல் முழுக்க ஒரே கதைதான். "ஐசையா கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸில் இருந்து இன்னும் ஒரு எட்டுத் தள்ளி நின்றிருந்தால் உலகத் தொடர் ரொறன்ரோவுக்கு வந்திருக்கும்." வீடியோவை நிறுத்திப் படம் எடுத்து, அதில் சிவப்புக் கோடு கீறி, அவருடைய காலுக்கும் பேஸுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகூடப் போட்டிருக்கிறார்கள். போடுகிறவர்களில் பாதிப்பேர் ஓகஸ்ட் வரைக்கும் புளூ ஜேஸ் எத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது பிழையில்லை, வெல்லத் தொடங்கினால் சனம் சேரத்தான் செய்யும். ஆனால் 162 ஆட்டமும், அதற்குப் பிறகு ஒக்டோபர் முழுக்கவும் விளையாடிய ஒரு அணியின் வருசத்தை ஒரு மனிசனின் ஒரு எட்டுக்குள் அடக்கிவிட்டுப் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பேஸ்போல் பார்க்காத நண்பர்களுக்காக அந்தக் கட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுடன் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, 4-4. ஒரு அவுட் போய்விட்டது (மூன்று போனால் இன்னிங்ஸ் முடியும்), ஓடுகிறவர் ஒவ்வொன்றாகத் தொட்டுவரவேண்டிய மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். மூன்றாம் பேஸில் நிற்கிற கைனர்-ஃபலேஃபா, அடிக்கிறவர் நிற்கிற அந்தத் தட்டுக்கு ஓடிவந்து சேர்ந்தால் ஆட்டமும் கோப்பையும் அந்த நொடியிலேயே எங்களுடையது. எங்கள் டோல்ட்டன் வார்ஷோ நிலத்தோடு அடித்த பந்தை டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து, விழுகிற நிலையில் இருந்தே தட்டுக்கு எறிந்தார். மூன்று பேஸும் நிறைந்திருந்தால் ஓடிவருகிறவரைத் தொடவேண்டிய அவசியமில்லை, தட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற கேச்சர் பந்தோடு தட்டை மிதித்தால் போதும். அவர்களின் கேச்சர் வில் ஸ்மித்தின் கால் ஒருகணம் தட்டை விட்டு எழும்பி மறுபடி பதிந்தது. கைனர்-ஃபலேஃபாவின் கால் சறுக்கிக்கொண்டு வந்தது அதற்கு மயிரிழை பிந்தி. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் நடுவர் சொன்னதுதான் நின்றது. அவுட்.

சரி, அவர் ஏன் பேஸோடு ஒட்டிக்கொண்டு நின்றார்? தள்ளி நிற்கவேண்டாம், நேராகப் பறக்கிற அடி பிடிபட்டால் திரும்பி வரமுடியாமல் மாட்டுப்படுவாய் என்று அணியில் சொல்லியிருந்தார்கள் என்று அவரே பிறகு சொன்னார். இந்தப் பயம் சும்மா வரவில்லை. அதற்கு முதல்நாள் ஆறாவது ஆட்டம் முடிந்த விதத்தை மறந்துபோனீர்களா? 3-1 என்று பின்னுக்கு நிற்கிறோம், ஒன்பதாவது இன்னிங்ஸ், அடிசன் பார்ஜர் அடித்த பந்து இடதுபக்கச் சுவரின் அடியில், மெத்தையும் தரையும் சேருகிற இடத்தில் போய்ச் செருகிக்கொண்டது. சுவரில் பட்டுத் தெறித்திருந்தால் ஓட்டம் வந்திருக்கும். ஓடிப்போன டொட்ஜர்ஸ் ஆள் பந்தைத் தொடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கினார், விதிப்படி எல்லாரும் இரண்டு பேஸோடு நிற்கவேண்டியதாயிற்று. அப்போதும் அவுட் ஒன்றுகூட இல்லை, இரண்டாம் மூன்றாம் பேஸில் ஆட்கள். எர்னி கிளெமென்ற் முதல் பந்தையே வானத்துக்கு அடித்துப் பிடிகொடுத்தார். அடுத்து ஆந்த்ரேஸ் ஹிமேனெஸ் இடதுபக்கம் தாழ்வாக அடித்ததை கீக்கே எர்னாண்டெஸ் ஓடிவந்து பிடித்து, பிடித்த வேகத்திலேயே இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பார்ஜர் தூரம் போயிருந்தார், திரும்பும் முன் பந்து வந்துவிட்டது. ஆட்டம் முடிந்தது. முதல்நாள் தள்ளி நின்றதற்கு ஒருவரைத் திட்டினோம், அடுத்தநாள் தள்ளி நிற்காததற்கு இன்னொருவரைத் திட்டுகிறோம்.

நான் சொல்லவருவது வேறு. இந்த அணி இந்த வருசம் அங்கே போய் நின்றதற்கும், கடைசியில் விழுந்ததற்கும் காரணம் ஒன்றேதான். இவர்கள் பந்தைத் தொடுகிற அணி. இன்றைய பேஸ்போலில் முக்கால்வாசிப் பேர் ஹோம் ரன் அடிக்கவேண்டும் என்று முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றுவார்கள், பட்டால் கூட்டத்துக்குள் விழும், படாவிட்டால் மூன்று தரம் காற்றை வெட்டிவிட்டுப் போய் இருப்பார்கள். அதைத்தான் ஸ்ட்ரைக் அவுட் என்பது. 2025இல் 30 அணிகளிலும் ஆகக் குறைந்த வீதத்தில் ஸ்ட்ரைக் அவுட் ஆனது புளூ ஜேஸ். அடித்துப் பேஸுக்குப் பத்திரமாகப் போய்ச்சேர்கிற ஹிட் எவ்வளவு என்று காட்டுகிற அடிச் சராசரியிலும் .265 உடன் இவர்கள்தான் முதலிடம். கிரிக்கெட்டில் ஒன்று இரண்டாகத் தட்டித் தட்டி ஓடியே எதிரணிக்கு விசர் பிடிக்கவைப்பார்களே, அந்த வகை. பந்து மட்டையில் பட்டால் எதிரணி ஓடவேண்டும், பிடிக்கவேண்டும், எறியவேண்டும், எங்கேயாவது ஒருவர் பிழைவிடுவார். புதிதாக வந்த அடிப் பயிற்றுநர் டேவிட் பொப்கின்ஸுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஆனால் அவர் பெயரை யாரும் முகநூலில் போட்டு நான் காணவில்லை.

2024ஐ நினைத்துப்பாருங்கோ. 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். அந்தக் குளிர்காலத்தில் எதிர்பார்த்த நட்சத்திரங்களில் ஹுவான் சோட்டோ வரவில்லை, ரோக்கி சசாக்கி வரவில்லை, அதற்கு முதல் வருசம், பிறகு டொட்ஜர்ஸுக்குப் போய்விட்ட ஒட்டானி விமானம் ஏறி ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று ஊரே அண்ணாந்து பார்த்து ஏமாந்த கதை வேறு. மே மாதக் கடைசியிலும் வெற்றியும் தோல்வியும் பாதிக்குப் பாதிதான். பிறகு கனடா தின வாரம் வந்தது. எங்கள் பிரிவில் போட்டிக்கு நிற்கிற நியூயோர்க் யாங்கீஸ் நான்கு ஆட்டத்துக்கு இங்கே வந்து நான்கிலும் தோற்றுப்போனது. ஜூலை 1 அன்று 12-5, ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் ஒருவரே ஏழு ஓட்டத்தை உள்ளே கொண்டுவந்தார். பக்கத்து நாட்டு ஜனாதிபதி எங்களை 51வது மாநிலம் ஆக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த வருசத்தில், அந்த நாளில், அந்த அணியை. அரசியல் வேறு விளையாட்டு வேறு என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு மைதானத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

சீசன் முடிவில் யாங்கீஸும் நாங்களும் 94-68 என்று சமம். நேருக்கு நேர் ஆடியதில் 8-5 என்று நாங்கள் முன்னுக்கு நின்றபடியால் பிரிவு எங்களுக்கு வந்தது, 2015க்குப் பிறகு முதல்தரம். அந்த ஜூலை வாரத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தாலும் கணக்கு மாறியிருக்கும். ஒரு எட்டுக்கு அழுகிறவர்கள் இதையும் கொஞ்சம் அளந்து சிவப்புக் கோடு கீறலாம்.

அப்புறம் இந்த அணியில் இருக்கிற ஆட்கள். கிளெமென்ற்றை 2023இல் ஓக்லண்ட் வேண்டாம் என்று விட்டுவிட்டது, அவர்தான் இந்த ஒக்டோபரில் 30 ஹிட் அடித்து எந்தக் காலத்திலும் இல்லாத சாதனை வைத்தார். திஹுவானாவில் இருந்து வந்த அலெஹாந்த்ரோ கேர்க்கைப் பார்த்தால் விளையாட்டு வீரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், குட்டையான, தடித்த உடம்பு, ஆனால் கேச்சர் இடத்தில் குந்தியிருந்து முழு ஆட்டத்தையும் நடத்துவது அவர். உலகத் தொடர் முதல் ஆட்டத்துக்கு முந்திய இரவு பார்ஜர் படுத்தது, கூட விளையாடுகிற டேவிஸ் ஷ்னைடரின் ஹோட்டல் அறையில், இழுத்து விரிக்கிற சோஃபாவில். அடுத்தநாள் மாற்று ஆளாக இறங்கி மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் மாற்று ஆளாக வந்து அப்படி அடித்த முதல் ஆள். ட்ரே யெசாவேஜ் என்கிற 22 வயதுப் பெடியன் ஏப்ரலில் புளோரிடாவில் ஒரு கீழ்மட்ட அணியில் பந்து எறிந்துகொண்டிருந்தான், ஒரே வருசத்தில் படிப்படியாக ஏறி செப்டம்பரில் ரொறன்ரோ, ஐந்தாவது உலகத் தொடர் ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான், அடிக்கமுடியாத பந்து நான்கு எறிந்து ஒருவரைக்கூட முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிடவில்லை.

ஸ்பிரிங்கரைத் தனியாகச் சொல்லவேண்டும். 2024இல் அவர் சோர்ந்துபோய் .220 அடித்தபோது "வயசு போய்ட்டுது, காசு வீண்" என்று எழுதிய அதே கைகள்தான் இப்போது கைனர்-ஃபலேஃபாவை எழுதுகின்றன. உலகத் தொடருக்கு முந்திய தொடரில், சியாட்டிலுடன் ஐந்தாவது ஆட்டத்தில் முழங்கால் சில்லில் பந்து பட்டு வெளியே போனவர், ஏழாவது ஆட்டத்தில் 3-1 என்று பின்னுக்கு நிற்கும்போது அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்தான் எங்களை 1993க்குப் பிறகு முதல்தரம் உலகத் தொடருக்குக் கொண்டுபோனது. அந்த அடி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் நடந்தது இருக்குமா? பார்ஜர் பொறுமையாக நின்று நடந்து முதல் பேஸுக்குப் போனார், கைனர்-ஃபலேஃபா (ஆமாம், அவரேதான்) ஒரு சின்ன ஹிட், ஹிமேனெஸ் தன்னை அவுட் ஆக்கிக்கொண்டு பந்தை மெல்லத் தட்டி இரண்டு பேரையும் ஒரு பேஸ் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கர்.

1993 என்று சொன்னேன். எங்கள் சனத்தில் பலர் இந்த ஊருக்கு வந்திறங்கிய காலமும், புளூ ஜேஸ் 1992, 1993 என்று அடுத்தடுத்து இரண்டு தரம் வென்ற காலமும் ஒன்று. ஜோ கார்ட்டர் அந்த ஹோம் ரன் அடித்தபோது நாங்கள் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் ஐந்தாறு பேராக ஒரு அறையில் இருந்து இரவு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தோம், வெளியில் ஏன் இப்படிக் கார் ஹோர்ன் அடிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. இப்போது எங்கள் பிள்ளைகள் எங்களுக்கு விளங்கப்படுத்துகிறார்கள். இந்த ஒக்டோபரில் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்ற அண்ணை ஒருவர் ரீவியைப் பார்த்தபடி "உவன் இந்தப் பந்தை விட்டிருக்கோணும்" என்று கிளெமென்ற்றுக்குப் புத்திசொன்னதை என் காதால் கேட்டேன்.

இன்னொரு கதையும் உலாவுகிறது, ஏழை அணி பணக்கார அணியோடு மோதியது என்று. டொட்ஜர்ஸ் பணக்காரர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கைத்தொலைபேசி, இணையம், மைதானம், விளையாட்டுச் சனல் எல்லாம் கையில் வைத்திருக்கிற ரோஜர்ஸ் நிறுவனத்தின் அணி ஏழையா? விளாடிமிர் கெரேரோ ஜூனியருக்கு ஏப்ரலில் எழுதிய ஒப்பந்தம் 14 வருசம், 500 மில்லியன் அமெரிக்க டொலர். மொன்றியலில் பிறந்த பிள்ளை, தகப்பன் அப்போது அங்கே எக்ஸ்போஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார், எனக்கும் அந்தப் பெடியனில் தனிப் பாசம்தான், இந்த ஒக்டோபரில் எட்டு ஹோம் ரன் அடித்து ஒவ்வொரு டொலருக்கும் கணக்குக் காட்டிவிட்டார். ஆனாலும் அனுதாபக் கதை வேண்டாம். காசும் இருந்தது, காசுக்கு மேலே இந்தக் குட்டி ஆட்களின் ஆட்டமும் இருந்தது.

ஏழு ஆட்டத்தின் ஓட்டங்களையும் கூட்டிப்பாருங்கோ. நாங்கள் 34, அவர்கள் 26. கோப்பை அவர்களுக்கு. மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், எங்கள் நேரப்படி இரவு மூன்று மணிக்குக் கிட்ட முடிந்தது, ஒட்டானி ஒன்பது தரம் பேஸுக்குப் போனார், கடைசியில் ஃப்ரெடி ஃப்ரீமன் ஒரு அடியில் முடித்துவைத்தார். அப்படித் தோற்ற அணி அடுத்தநாள் எழும்பாது என்றுதான் நினைத்தோம். எழும்பியது மட்டுமில்லை, அடுத்தநாள் ஒட்டானி எறிந்த பந்தையே கெரேரோ கூட்டத்துக்குள் அனுப்பினார், 6-2.

கடைசி ஆட்டத்தில் நாங்கள் 4-2 என்று முன்னுக்கு நின்றோம். அதற்குப் பிறகு டொட்ஜர்ஸ் எடுத்த மூன்று ஓட்டமும் தனித்தனி ஹோம் ரன்கள்: எட்டாவதில் மக்ஸ் மன்ஸி, ஒன்பதாவதில் ரோஹாஸ், 11வதில் ஸ்மித். ரோஹாஸ் அடிக்கும்போது எங்களுக்குத் தேவைப்பட்டது இன்னும் இரண்டே அவுட். அவர் ஹோம் ரன் அடிக்கிற ஆளே இல்லை. மறுபக்கம் எங்கள் ஆட்கள் கடைசி இரண்டு இரவும் அவுட் ஆன விதத்தைப் பாருங்கோ. ஹிமேனெஸின் அடி நேராகக் கைக்குப் போனது. வார்ஷோவின் பந்து ரோஹாஸின் கைக்கு. அதற்கு அடுத்து கிளெமென்ற் தூரத்துக்கு அடித்ததை ஆண்டி பாஹேஸ் தன் அணிக்காரரின் மேலே ஏறி விழுந்து பிடித்தார். 11வதில் கெரேரோ மூன்றாம் பேஸில் நிற்க, கேர்க்கின் மட்டை முறிந்து பந்து மூக்கி பெட்ஸின் கைக்கு உருண்டது, ஒரே அடியில் இரண்டு அவுட். எல்லாமே பந்தைத் தொட்ட அடிகள். ஒக்டோபர் முழுக்க இதே அடிகள் எதிரணிக் கைகளுக்கு நடுவில் விழுந்தன, அந்த இரண்டு இரவும் கைக்குள் போய் விழுந்தன. முதல்நாள் 96 பந்து எறிந்துவிட்டு மறுநாளும் வந்து கடைசி எட்டு அவுட்டையும் எடுத்த டொட்ஜர்ஸின் யமமோட்டோவுக்கும் அதில் பங்கு உண்டு, அந்த மனிசனுக்கு நான் தொப்பியைக் கழற்றுகிறேன்.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் யாராவது போய் "எங்களுக்குப் பெரிய அடிக்காரர் வேணும், இந்தத் தட்டுகிற ஆட்டம் போதாது" என்று நிர்வாகத்தின் காதில் ஓதாமல் இருந்தால் சரி. கடைசி இன்னிங்ஸ்களில் பந்து எறிய நம்பிக்கையான இரண்டு பேரைத் தேடட்டும், அதற்குக் காசு செலவழிக்கட்டும். கிளெமென்ற் முதல் பந்துக்கே மட்டையை வீசுவார், வீசட்டும், அதே கிளெமென்ற்தான் 30 ஹிட் அடித்தவர். "பெரிய அடிக்காரரை வாங்கினால் எல்லாம் சரிவரும்" என்று எழுத வருகிறவர்கள் அதற்கு முதல், 92.5 மில்லியன் டொலருக்கு வாங்கிய அந்தோனி சான்டாண்டர் 2025இல் .175 அடித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு வாங்கோ, பிறகு கதைப்போம்.